கால் பூட்டு

வேலப்பன் எதற்கும் பயப்படாத ஆள் என்று எம்.கே.பி. நகரில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக அவன் நிறையப் பயப்பட வேண்டியிருந்தது.

பெயர் வந்த விதம் இது. அவர்கள் வகையறாவில் செத்தவரைப் படுக்கவைத்து எடுத்துப்போகிற வழக்கம் இல்லை. உட்காரவைத்துத்தான் வாசலில் வைப்பார்கள், உட்காரவைத்துத்தான் தூக்குவார்கள், உட்கார்ந்தபடியேதான் மண்ணுக்குள் இறக்குவார்கள். உயிரோடு இருந்த காலத்தில் எந்த ஆபீசிலும் 'உட்காருங்க' என்ற வார்த்தையைக் கேட்டிராத ஆளுக்கும் அன்றைக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆனால் செத்தவர் தானாக உட்கார மாட்டார். உடம்பு விறைப்பதற்குள் காலை மடக்கி, வலது பாதத்தை இடது தொடைமேல் ஏற்றி, இடது பாதத்தை வலது தொடைமேல் ஏற்றி, இரண்டு உள்ளங்காலும் வானத்தைப் பார்க்கிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிவிட வேண்டும். செருகிவிட்டால் நழுவாது. கால் பூட்டு என்பார்கள். அதற்கும் முன்னால் தாடையைத் துணியால் இழுத்துத் தலைக்குமேல் கட்ட வேண்டும். தாமதித்தால் வாய் திறந்தபடியே நின்றுவிடும். வந்தவர்கள் எல்லாம் 'ஏதோ சொல்ல வந்திருக்காரு' என்று பேசிக்கொள்வார்கள். என்ன சொல்ல வந்தார் என்பதில் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து வரும்.

இந்த வேலையை வேலப்பன் கேட்டு வாங்கவில்லை. மீசை அரும்பிய வயதில், ஒரு சாவு வீட்டில் எல்லோரும் தயங்கி நின்றபோது, "தள்ளுங்கப்பா" என்று போய் மடக்கினான். ஒழுங்காக வந்துவிட்டது. ஒரு வேலையை ஒருதரம் ஒழுங்காகச் செய்தவன் தலையில் ஆயுசுக்கும் அதைக் கட்டிவிடுவார்கள். அன்றையிலிருந்து பூட்டு வேலப்பன்.

பிணத்துக்கு அவன் பயந்ததில்லை. முட்டியின் சூட்டுக்குத்தான் பயந்தான். உடம்பெல்லாம் ஆறிப்போனாலும் முட்டியின் மடிப்பில் கொஞ்சம் சூடு தங்கியிருக்கும். அது அவன் உள்ளங்கையில் ஏறிக்கொண்டு வீடுவரை வரும். "குந்து நைனா, சொம்மா குந்து, தோ ஆச்சு" என்று செத்தவரிடம் பேசிக்கொண்டேதான் மடக்குவான். மற்றவர்கள் அதைத் துணிச்சல் என்று நினைத்தார்கள். பேசாவிட்டால் கை நடுங்கும் என்பது அவனுக்கும் அவன் பெண்டாட்டி கெங்கம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

அதனால் அவன் வீட்டில் ஒரே ஒரு சட்டம். சம்மணம் போடலாம், சாப்பிடலாம், டி.வி. பார்க்கலாம். பாதம் தொடைமேல் ஏறக்கூடாது. மகள் செங்கொடி சின்னவளாக இருந்தபோது விளையாட்டாக ஏற்றியதற்குத் தோசைக் கரண்டியால் வாங்கியிருக்கிறாள். சம்மணம் உயிரோடு இருக்கிறவர்களுடையது, பூட்டு மற்றவர்களுடையது.

இப்படி ஒழுங்காகப் பயந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் கம்பெனி யோகாவைக் கொண்டுவந்து வைத்தது.

கம்பெனி விம்கோ நகர் ஸ்டேஷனைத் தாண்டி இருந்தது. எண்ணெய்க்கும் பெயிண்டுக்கும் இரும்பு டிரம் செய்கிற இடம். வியாசர்பாடியில் ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டி வண்டியில் தொங்கிக்கொண்டு போவான். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டிருந்தது. ரயில் முழுக்கக் காலிக் குடத்தோடு பெண்கள். தகரக் கொட்டகைக்குள் நுழைந்தால் கத்திரி வெயில் தலைக்குமேல் படுத்துக்கிடக்கும். வேலப்பனுக்கு லீக் டெஸ்டில் வேலை. டிரம்மின் வாயை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெல்டிங் போட்ட தையல் நெடுகச் சோப்புத் தண்ணீரைத் தடவுவான். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் நுரை முட்டையிடும். சாக்பீசால் வட்டம் போட்டுத் தள்ளிவிட்டு அடுத்த டிரம்.

புது முதலாளிகள் பம்பாயிலிருந்து வந்திருந்தார்கள். தொழிலாளிக்கு மனஅழுத்தம் இருப்பதாக அவர்கள் கண்டுபிடித்தார்கள். கொட்டகைக்கு மின்விசிறி கேட்டு யூனியன் இரண்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்தது. மனஅழுத்தத்துக்கு மின்விசிறி மருந்தல்ல என்று சொல்லி வெள்ளிக்கிழமைதோறும் யோகா வைத்தார்கள்.

கற்றுத்தர வந்தவர் லூர்து மாஸ்டர். ராயபுரத்தில் கராத்தே சொல்லிக்கொடுத்தவர். கராத்தேவுக்குக் கூட்டம் குறைந்து யோகாவுக்குக் கூட்டம் சேர்ந்தபோது, வெள்ளை உடுப்பை மாற்றாமல் தொழிலை மட்டும் மாற்றிக்கொண்டார். பேக்கிங் கொட்டகையில் ஜமக்காளம் விரித்து எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்தார்.

"அன்பர்களே, இது பத்மாசனம். தாமரை. பாருங்கோ, வலது பாதம், இடது தொடை மேல. இடது பாதம், வலது தொடை மேல. உள்ளங்கால் மேல பாக்கணும். கையை மடியில வெச்சிக்கோங்கோ. இப்போ மெதுவா கண்ண மூடுங்கோ."

மூன்றாவது வரிசையில் இருந்த வேலப்பன் தன் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டான். ஒரு மனுஷன் வெயில் நேரத்தில், பல பேர் பார்க்க, சிரித்துக்கொண்டே தனக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டதை அவன் அதுவரை பார்த்ததில்லை.

பக்கத்தில் கோதண்டம். பிரஸ் ஷாப்பில் வேலை. அவனும் எம்.கே.பி. நகர்தான், அதே வகையறா, அடுத்த பிளாக். எதையும் கிண்டல் செய்யாமல் அவனுக்கு நாஸ்தா செரிக்காது.

"இன்னா மாமே, உன் தொயில மாஸ்டர் எட்த்துகினாரு!" என்று கிசுகிசுத்தான்.

"வாய மூட்றா."

"அல்லாருக்கும் பூட்டு போட்டவன் நீ. உனுக்கு ஒண்ணு போட்டுக்க மாட்டியா?"

"போட்டுகினவன் எவனும் எய்ந்துக்கலியேடா" என்றான் வேலப்பன்.

கோதண்டம் சிரித்தான். சிரித்துக்கொண்டே காலை ஏற்றினான். ஒல்லி உடம்பு, கயிறு மாதிரி மடங்கியது. வேலப்பன் தன் கணுக்காலைக் கையில் பிடித்தான். முட்டி மடிப்பில் விரல் பட்டது. சூடு. தன் சூடுதான். சட்டென்று விட்டுவிட்டான்.

"மூணாவது வரிசை, தோள்ல துண்டு!" என்று கூப்பிட்டார் லூர்து. "காலு ஏறலைன்னா சம்மணம் போடு, பரவால்ல. கண்ண மூடு."

வேலப்பன் மூடினான். இருட்டுக்குள் வரிசையாக நாற்காலிகள் தெரிந்தன. திறந்துவிட்டான்.

*

"மாட்டேன்னு சொல்லிட்டு வர்றதுக்கு இன்னா?" என்றாள் கெங்கம்மா. தண்ணீர் லாரிக்கு நின்று கிடைத்த குடங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட சொல்லச் சொல்ற? கண்ண மூடலன்னு மாஸ்டரு எய்திக் குட்த்துட்டாரு. பர்சனல் மேனேஜரு என்னிய இட்டாரச் சொன்னாரு."

"இன்னா சொன்னான் அந்தாளு?"

வேலப்பன் முகத்தைக் கழுவினான். கழுவிய தண்ணீர் கீழே போகாமல் பிளாஸ்டிக் பேசினில் விழுகிறதா என்று கெங்கம்மா பார்த்துக்கொண்டாள். அதில்தான் பாத்திரம் துலக்க வேண்டும்.

பர்சனல் மேனேஜர் அருள்பிரகாசம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்ட செய்தியையும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார். "நாங்க யாரையும் போகச் சொல்றதில்லீங்க, வேலப்பன். விருப்ப ஓய்வுங்க. விருப்பம் உங்களோடதுதானுங்க. யாருக்கு விருப்பம் வரும்கறத மட்டும் நாங்க முன்னாடியே பாத்து வெச்சிருவோமுங்க. ஒத்துழைக்காதவங்களுக்குச் சீக்கிரம் வருமுங்க. ஒரு அஞ்சு நிமிசம் கண்ண மூடி உக்கார முடியாதவரு, மெஷின்கிட்ட எப்படீங்க நிதானமா இருப்பாரு? அடுத்த மாசம் பம்பாய் டைரக்டர் வர்றாருங்க. அன்னிக்கு எல்லாரும் பத்மாசனம். எல்லாரும் கண்ண மூடி. பாத்துக்கோங்க."

இதை வேலப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

"அட பேமானி" என்றாள் கெங்கம்மா. "உயிரோட கீற மனுசன பூட்டு போட்டுக்கச் சொல்றானா?"

செங்கொடி காலேஜ் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். பாரதி பெண்கள் கல்லூரியில் யாரும் பேசாத அளவுக்குப் பேசுவாள் என்று தெருவில் அவளுக்கும் ஒரு பெயர். சுவரில் இருந்த புத்தர் படத்தைக் காட்டினாள்.

"நைனா, தோ அவரு எப்டி குந்திகினு கீறாரு பாரு. நம்ம வூட்லயே கீறாரு. அதுக்கு நீ பயந்தியா?"

வேலப்பன் படத்தைப் பார்த்தான். அந்தப் புத்தர் காலண்டரை வாங்கி மாட்டியவனே அவன்தான். தினமும் விளக்கேற்றுவான். ஆனால் பார்வையை முகத்தோடு நிறுத்திக்கொள்வான்; கால் பக்கம் இறக்க மாட்டான்.

"அவுரு பெரியவரும்மா."

"அவரு அப்டி குந்தி, அப்பால எய்ந்து ஊர் ஊரா நடந்தாரு நைனா. வயசாவுற வரிக்கும் நடந்தாரு. தெர்தா?"

"கால யாரு அவுத்துவுட்டது?"

"அவரே அவுத்துகினாரு! யாரு அவுப்பாங்க?"

வேலப்பன் யோசித்தான். தானே போட்டுக்கொண்டு தானே அவிழ்த்துக்கொள்வது என்ற ஒன்று அவனுக்குள் எந்தப் பக்கமும் போய் உட்காரவில்லை. அவன் கையால் போட்ட பூட்டு ஒன்றைக்கூட யாரும் அவிழ்த்ததில்லை.

"இப்ப போடு, நான் கூட கீறேன்ல" என்றாள் செங்கொடி.

அவன் தரையில் உட்கார்ந்தான். வலது பாதத்தைத் தூக்கி இடது தொடைமேல் வைத்தான். வந்தது. இடது பாதத்தைப் பிடித்து இழுத்தான். பிறர் காலில் பழகிய கை தன் காலையும் சுலபமாகச் செருகிவிட்டது. உள்ளங்கால் இரண்டும் கூரையைப் பார்த்தன, கொட்டகைத் தரையின் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கால்கள்.

அதுவரை விடாமல் அருள்பிரகாசத்தின் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கெங்கம்மாவின் குரல் நின்றுபோனது. வேலப்பன் நிமிர்ந்து பார்த்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள்.

"கெங்கா."

"அவுத்துடுய்யா."

"இன்னாடி, சொம்மா தான்..."

"அவுத்துடு. எம்மா, உன்ன அப்டி நான் பாத்துட்டேன். அவுத்துடு சாமி, உன் கால்ல வுயுறேன்."

அவிழ்க்க அவனுக்குத் தெரியவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று கை தடுமாறியது. செங்கொடி ஓடிவந்து பாதத்தைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கருவாட்டுக் குழம்பை மறுநாள் வரை சுடவைத்துச் சுடவைத்துச் சாப்பிட்டார்கள்.

*

டைரக்டர் வந்த அன்று பேக்கிங் கொட்டகையில் நாலு மின்விசிறி வாடகைக்கு வந்திருந்தது. நாலும் டைரக்டரைப் பார்த்து நின்றன. தொழிலாளர்களுக்கு வெள்ளைப் பனியன் கொடுத்திருந்தார்கள். போட்டோ எடுக்க ஒரு ஆள்.

வேலப்பன் காலை ஏற்றிவிட்டான். வீட்டில் மகள் காவலில், கெங்கம்மா வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து, அதுவரைக்கும் பழகியிருந்தான். கண்தான் மூடவில்லை. பாதி இமையை இறக்கி, மூடியது மாதிரி ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

"மூச்சு உள்ள போவுது... மூச்சு வெளிய வருது..." என்றார் லூர்து. "இனிமே நான் பேச மாட்டேன். யாரும் அசையப்படாது."

கொட்டகை அமைதியானது. அத்தனை பேர் வெள்ளைத் துணியில், காலைப் பூட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வரிசை வரிசையாக. அரை இமை வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் வேலப்பன். அவன் வாழ்நாளில் பார்த்த சாவுகள் எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் கூட்டிவைத்த மாதிரி இருந்தது. முதுகில் வியர்வை எறும்பு மாதிரி இறங்கியது. யாராவது இருமினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினான். யாரும் இருமவில்லை. டைரக்டர் இருக்கிறாரே.

யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று கோதண்டம் பக்கம் கண்ணைத் திருப்பினான்.

கோதண்டத்தின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முகத்தில் கிண்டல் இல்லை. கிண்டல் இல்லாத கோதண்டத்தின் முகத்தை வேலப்பன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்த்தாடை மெல்ல, மெல்ல இறங்கியது. வாய் திறந்தது. ஒரு ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. உதட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தது. கோதண்டம் அசையவில்லை. நெஞ்சைப் பார்த்தான். பெரிய பனியன், தொளதொளவென்று தொங்கியது, ஒன்றும் தெரியவில்லை.

வேலப்பனின் வேலையில் ஒரு வசதி உண்டு. ஒருவர் செத்துவிட்டாரா என்று அவன் ஒருநாளும் முடிவு செய்ய வேண்டியிருந்ததில்லை. டாக்டரோ, அழுகிறவர்களோ முடிவு செய்த பிறகுதான் அவனுக்கு ஆள் வரும். அவன் போகும்போது எல்லோரும் ஏற்கெனவே செத்திருப்பார்கள். திறந்த தாடையைப் பார்த்தால் கட்ட வேண்டும், அதுவும் சீக்கிரம் கட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் கைக்குத் தெரியும்.

கை போய்விட்டது. தோள் துண்டு உருவி வந்தது. பூட்டிய காலோடு முட்டிபோட்டு எழும்பி, கோதண்டத்தின் தாடைக்குக் கீழே துண்டைக் கொடுத்து, உச்சந்தலைக்கு இழுத்து, ஒரே முடிச்சு.

"ஐயோ கோதண்டம் செத்துப் பூட்டாண்டா!" என்று அலறினான். "குந்து நைனா, சொம்மா குந்து, தோ ஆச்சு..."

கோதண்டம் கண்ணைத் திறந்தான்.

நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்து உட்கார்ந்தவன் அவன். சுகமாகத் தூங்கியிருந்தான். விழித்தபோது, தன் தாடை கட்டப்பட்டிருப்பதையும், கால் பூட்டியிருப்பதையும், எதிரே பூட்டு வேலப்பனின் முகத்தையும், அவன் தன்னை நைனா என்று கூப்பிடுவதையும் ஒன்றாகப் பார்த்தான். அவர்கள் வகையறாவில் இந்த நாலையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு உயிரோடு இருந்தவர் யாருமில்லை. கத்தப் பார்த்தான். வாய் கட்டியிருந்தது. 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அந்தச் சத்தத்தில் முன் வரிசை கண்ணைத் திறந்தது. அப்புறம் கொட்டகையில் ஆள் நிற்கவில்லை. பலர் காலை அவிழ்க்க மறந்து எழுந்து விழுந்தார்கள். ஒரு மின்விசிறி சாய்ந்தது. லூர்து மாஸ்டர் பேச்சில் ராயபுரத்துக்குத் திரும்பிவிட்டார்: "எவன்டா அது கஸ்மாலம், குந்துங்கடா அல்லாரும்!" போட்டோக்காரர் மட்டும் கடமையைச் செய்தார்.

சாயங்காலம் அருள்பிரகாசம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"ஒருத்தரு டைரக்டர் முன்னாடி தூங்கறீங்க. ஒருத்தரு கண்ணையே மூடாம பக்கத்தாளப் பாக்கறீங்க. திங்கக்கிழமை காலைல என் ரூமுக்கு வாங்க. என் முன்னாடி ரெண்டு பேரும் பத்மாசனம் போட்டுக் கண்ண மூடி, நான் போதும்கற வரைக்கும் உக்காருங்க. தூங்கப்படாது, தொறக்கப்படாது. முடியலீன்னா, உங்களுக்கு விருப்பம் வந்துருச்சுன்னு எடுத்துக்கறேனுங்க."

*

ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் வந்தான். கெங்கம்மா முற்றத்தில் கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். சவரம் செய்யாத முகம், கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"இன்னா கோதண்டம், மேலுக்கு முடிலயா?"

"தூங்கி நாளாச்சு அண்ணி. உம் புருசன் கட்னான் பாரு துண்டு, அதுலேர்ந்து கண்ண மூடுனா தாடைல இறுக்குது. இப்ப கூட இறுக்குது. எதிர் பிளாக் கெயவி ஆவுடையம்மா மந்திரிச்சி வுட்டா. ஒண்ணியும் வேலைக்காவல."

வேலப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"மாமே, கோவமா வர்லடா. சண்டைக்கு வர்ல. பழகலாம்னு வந்தேன். நாளைக்கு காலைல ரெண்டு பேரும் குந்தணும்."

"தூங்கினா எதுனா சத்தம் போடறதுக்கு இன்னாடா உனுக்கு?" என்றான் வேலப்பன். "ஊருல கீறவன் அல்லாம் கொறட்ட வுட்றான். நீ ஏன்டா வுடல?"

"டைரக்டர் கீறாருன்னு அடக்கிகினு தூங்குனேன் மாமே."

கெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. "ரெண்டு பேரும் போவாதீங்க. வேல போனா போவுது. நான் ஆப்பக்கடை போட்றேன், இவுரு மாவாட்டட்டும். பூட்டு போட்டுகினு போயி அந்தாள் எதுர்ல குந்தாதீங்க. எதுனா ஆய்ட்டா?"

"செங்கொடி காலேஜு?" என்றான் வேலப்பன்.

அவள் கறிச்சட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

நண்பர்கள் இருவரும் கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். காலை ஏற்றினார்கள். கெங்கம்மா இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. அவள் குடத்தைத் தேடக்கூட இல்லை.

"மூட்றா" என்றான் வேலப்பன்.

"நீ மூடு மொதல்ல."

"நான் மூடிட்டா நீ பூட்டியா கீறியான்னு எனுக்கு எப்டிடா தெரியும்?"

"நான் மூடிட்டா நீ துண்ட எடுக்கலன்னு எனுக்கு எப்டி தெரியும்?"

துண்டை எடுத்துக் கெங்கம்மாவிடம் தூக்கிப் போட்டான் வேலப்பன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் இமையை இறக்கினால் மற்றவனுக்கு முகம் வெளுக்கும். உடனே அவன் திறந்துவிடுவான். அடுத்து இவன். கடைசியில் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றாக மூடினார்கள். அடுப்பில் குக்கர் விசிலடித்தது. கோதண்டம் எழுந்து ஓடப் பார்த்து, பூட்டிய காலோடு கறிச்சட்டிமேல் விழுந்தான்.

*

திங்கட்கிழமை. அருள்பிரகாசத்தின் அறையில் ஏ.சி. ஓடியது. வெளியே வெயிலிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் குளிர் நல்லதாகப் படவில்லை. சாவு வீட்டு ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கதவு சாத்தியதும் பிரஸ் ஷாப்பின் சத்தம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. மேஜைக்கு முன்னால் ஒரு நீலப் பாய் விரித்திருந்தது.

"உக்காருங்க" என்றார் அருள்பிரகாசம்.

அந்த ஆபீசில் அந்த வார்த்தையை வேலப்பன் கேட்டது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்தார்கள். ஏற்றினார்கள். செருகினார்கள்.

"மாமே, கீறியா?" என்று பல்லிடுக்கில் கேட்டான் கோதண்டம்.

"கீறேன்."

"பேசக்கூடாதுங்க. கண்ண மூடுங்க."

மூடுவதற்கு முன் வேலப்பன் பக்கவாட்டில் கையை நீட்டினான். மடியில் இருந்த கோதண்டத்தின் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் விரல்கள் இதுவரை எத்தனையோ மணிக்கட்டுகளைப் பிடித்திருக்கின்றன. எதிலும் ஒன்றும் துடித்ததில்லை. இதில் துடித்தது. குருவியைப் பிடித்த மாதிரி, தடதடவென்று, இவனைவிடப் பயந்துபோய்த் துடித்தது.

"கைய எடுங்க வேலப்பன். கை அவங்கவங்க மடியில இருக்கோணும்."

"எட்க்க முடியாது சார்" என்றான் வேலப்பன். சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. அருள்பிரகாசத்துக்கும் இருந்திருக்க வேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

வேலப்பன் கண்ணை மூடினான்.

இருட்டு. வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், தெரிந்த ஆள்தான் எல்லோரும். திறந்துவிடு, திறந்துவிடு என்று இமை துடித்தது. விரலுக்கடியில் குருவியும் துடித்தது. அவன் நாற்காலிகளை விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டான். தடதடவென்று இருந்தது கொஞ்ச நேரத்தில் தட், தட் என்று ஆனது. அப்புறம் இன்னும் நிதானமாக, பிரஸ் மெஷின் டிரம் மூடியை அடிக்கிற தாளத்துக்கு வந்தது. கோதண்டத்தின் கை கனத்து, தளர்ந்து, இவன் விரல்களின் மேல் முழுசாகச் சாய்ந்தது. மூன்று நாளாகத் தூங்காதவன் தூங்கிவிட்டான். சத்தம் காட்டாமல், அடக்கிக்கொண்டு தூங்கினான்.

தூங்கட்டும் என்று நினைத்தான் வேலப்பன். உயிரோடுதான் இருக்கிறான், இந்தத் தடவை அது எனக்குத் தெரியும். அவன் தோள் தானாக இறங்கியது. கழுத்து இறங்கியது. கால் இரண்டும் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் மரத்துப்போயிருந்தன. அதற்கும் பயம் வரவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ.

"போதுங்க" என்றார் அருள்பிரகாசம்.

யாரும் அசையவில்லை. கோதண்டத்துக்குக் கேட்கவில்லை. வேலப்பனுக்குக் கேட்டது. திறக்கலாம் என்றுதான் இருந்தான். இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்றும் இருந்தது.

"போதுமுங்க. எந்திரிங்க."

நாற்காலி நகர்கிற சத்தம். செருப்பு இரண்டடி வந்து நின்றது. கோதண்டத்தின் வாய் இந்நேரம் திறந்திருக்கும், தலை சாய்ந்திருக்கும். பக்கத்தில் இன்னொருவன் அவன் கையைப் பிடித்தபடி, அசைவில்லாமல். கதவு சாத்திய அறை. வெளியே இருந்து பார்க்கிற ஆளுக்கு இது எப்படித் தெரியும் என்று வேலப்பனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

"கோதண்டம்? ...கோதண்டம்! வேலப்பன், அவர எழுப்புங்க. வேலப்பன்?" குரலில் 'ங்க' உதிர ஆரம்பித்தது. "யோவ், எந்திரிங்கய்யா. பாஸ்யா. ரெண்டு பேருமே பாஸ். நான் எழுதிக் குடுத்தர்றேன். ஐயோ, ஏ.சி. ரூம்ல... எந்திரிய்யா வேலப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

முட்டி ஒன்று தரையில் இடிக்கிற சத்தம் கேட்டது. குட்டிக்கூரா பவுடர் வாசனை கிட்டே வந்தது. வேலப்பனின் மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்து நின்றது.

வேலப்பன் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு நொடி மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டான். பிறகு, அந்த விரலின் மேல், மெதுவாக விட்டான்.